நாற்பத்தொன்றாம் பக்கத்து வாக்கியம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் சுகமா? உன் முழங்கை வலி தேவலையா? போன்ல கேட்டா "எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சுடறே. பக்கத்துல அத்தான் இருக்கார்னு புரியுது. அதான் பழையபடி கடிதம்.

எங்க பதிப்பகத்துல ஒரு கூத்து நடக்குது. பணத்தையும் செலவையும் பத்தி இங்கிலீஷ்காரங்க சொல்ற சொலவடை நூறு திரட்டி முதலாளி ஒரு புத்தகம் போடறார். ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம், கீழே தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரு மாதிரி வாக்கியம். சாயங்கால இங்கிலீஷ் வகுப்புகளுக்கு மொத்தமா விக்கறதா திட்டம். ஓரமா உட்கார்ந்து கமா, புள்ளின்னு பிழை திருத்திக்கிட்டிருந்த என் தலையில அந்த மாதிரி வாக்கியம் எழுதற வேலையைக் கட்டிட்டார். சொலவடைக்கு இவ்வளவுன்னு கூலி தனியா.

முதல் பத்து எழுதிக்கிட்டுப் போனேன். "அவன் கடைக்குச் சென்று பணத்தைச் செலவழித்தான்"னு ஒண்ணு. முதலாளி கண்ணாடியைக் கழட்டிட்டு, "உயிரோட இருக்கற எவனாவது இப்படிப் பேசுவானா? வீட்டுல பேசறதை எழுதுய்யா"ன்னார். எனக்கு ஏது வீடு? ஒத்தை அறை, ஒரு ஸ்டவ், மாசக் கடைசியில ஒரு பன். செலவு பத்திப் பேச எதிர்ல ஆள் வேணாமா?

பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்ல முதல் மார்க் வாங்கினவ நீ. அதைவிட, கையிறுக்கத்துல நம்ம குடும்பத்துக்கே தலைவி. உதாரணத்துக்கு, "காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்"னு ஒண்ணு. விலை ஜாஸ்தின்னா ஒரு கையும் காலும் குடுக்கணுமாம். நாம "ஆனை விலை குதிரை விலை"ன்னு மிருகத்தோட நிறுத்திக்கறோம், அவங்க சொந்த உடம்புலயே கை வைக்கறாங்க. பட்டியலை இதோட வெச்சிருக்கேன். தோணினதை எழுது.

உன் முழங்கையை நினைச்சுக்கிட்டே,
தம்பி கமா


ஜனவரி 24

அன்புள்ள கமாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். முழங்கை வலிக்கத்தான் செய்யுது. ஒரு நாளைக்கு முப்பது பல் செட்டு பாலிஷ் போட்டா வலிக்காம என்ன பண்ணும்? நீ பன் தின்னு உடம்பைக் கெடுத்துக்காதே. ஒரு கைப்பிடி பருப்பு வேக வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பட்டியலைப் பார்த்தேன். பணம் மரத்துல காய்க்காதுன்னு சொல்ல இங்கிலீஷ்காரன்தான் வரணுமா? அதை நான் தினமும் உன் அத்தான்கிட்ட சொல்றேன். அவர் கடனாளி இல்லை, குடிக்கறவர் இல்லை. ஆனா "இல்லை"ன்னு சொல்ல நாக்கு வராது. போன தடவை நான் சேர்த்து வெச்சிருந்ததை ஸ்டோர்ஸ்ல கூட வேலை பார்க்கறவர் பைக்குக்கு முன்பணமா தூக்கிக் குடுத்துட்டார். பைக் இப்ப யார்கிட்ட இருக்குன்னே தெரியாது. "ராப் பீட்டர் டு பே பால்"னு உன் பட்டியல்ல இருக்கே, ஒருத்தன்கிட்டப் பிடுங்கி இன்னொருத்தனுக்குக் குடுக்கறது. நம்ம ஊர்ல அது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கறது. எழுதிக்கோ. மத்ததுக்கெல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கேன்.

இப்ப உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். நான் வேலை பார்க்கற பல் செட்டு லேப் அம்மா ஜூன் மாசத்தோட கடையை மூடறாங்க. பாலிஷ் மெஷின், அழுத்தற மெஷின், சின்ன அடுப்பு எல்லாத்தையும் எனக்கே தர்றேன்னாங்க. நாப்பத்தஞ்சாயிரம். ஜூன் பத்துக்குள்ள குடுக்கணும். இல்லேன்னா வேற ஒருத்தர் ரெடியா நிக்கறார். பல் டாக்டருங்க மூணு பேர் வேலையை எனக்கே அனுப்பறதா சொல்லிட்டாங்க. பதினோரு வருஷமா அடுத்தவங்க மேஜையில குனிஞ்ச முதுகு, கமா. எனக்குன்னு ஒரு மேஜை வேணும்.

பணம் இருக்கு. ஓவர்டைம் காசு, மூணு வருஷமா. எங்கேன்னு கேளு. லேப்ல தூக்கிப் போடற பழைய பிளாஸ்டர் தாடைங்களை ஒரு பெட்டியில பரண்ல வெச்சிருக்கேன். மேல்தாடையையும் கீழ்தாடையையும் கடிச்ச மாதிரி சேர்த்தா நடுவுல நாக்கு இருக்கற இடம் காலி. அங்கே ரெண்டாயிரத்தைச் சுருட்டி வெச்சு, சுத்தி ரோஸ் மெழுகு உருக்கி ஒட்டிடுவேன். இருபத்துமூணு ஜோடி ஆச்சு. நாப்பத்தாறாயிரம். உன் அத்தான் பாம்பைக்கூடத் தொடுவார், அடுத்தவன் பல்லைத் தொட மாட்டார்.

அவர் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்புக்குப் போறார், ரெண்டு வருஷமா. கம்பெனியே ஃபீஸ் கட்டுதாம். அந்த நேரத்துலதான் மெழுகு வேலை நடக்கும்.

இந்தக் கடிதத்தைப் படிச்சதும் கிழிச்சுப் போடு.

பருப்பு வேக வைக்கச் சொல்லும்,
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். பருப்பும் வேகுது. நீங்க ரெண்டு பேரும் சுகம்தானே?

நீ எழுதினதை முதலாளிகிட்ட காட்டினேன். கடைத்தேங்காயைப் படிச்சுட்டு மேஜையைத் தட்டிச் சிரிச்சார். "யாருய்யா இது? இந்த அம்மா வாயில காசு போட்டா வாக்கியமா கொட்டுது"ன்னார். நூத்துல இருபத்தேழு உன்னோடது. "பே த்ரூ த நோஸ்" மட்டும் எங்களை ரொம்பப் படுத்துச்சு. விலை அதிகமா குடுத்தா மூக்கு வழியா குடுத்த மாதிரியாம். மூக்குக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் முதலாளியும் அரை நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்.

மெஷின் விஷயம் கேட்டு எனக்கு மனசு நிறைஞ்சுடுச்சு. உன் மேஜையைப் பார்க்க நான் முதல் ஆளா வருவேன். கிழிக்கச் சொன்னது ஞாபகம் இருக்கு.

புத்தகம் அச்சுக்குப் போயாச்சு. பேரெல்லாம் எதுவும் போடலை, பயப்படாதே.

மை படிஞ்ச கையோட,
தம்பி கமா


மார்ச் 4

கமா,

சுகம். உன் சுகம் எழுது.

"கிழிக்கச் சொன்னது ஞாபகம் இருக்கு"ன்னா என்ன அர்த்தம்? கிழிச்சியா இல்லையா? சின்ன வயசுல பாலைக் குடிச்சியாடான்னு கேட்டா "டம்ளர் காலியா இருக்கு"ன்னு சொல்லுவே. டம்ளரைச் செடியில கவுத்திருப்பே. அதே பதில்தான் இதுவும். பேர் போடலைன்னு சொல்றியே, எதுக்குப் பேர் போடலை?

லேப் அம்மா மெஷினைத் துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சிருக்காங்க. போற வரப்ப நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கறேன். உன் அத்தான் மூணாவது நிலைக்குப் போயிட்டாராம். ஒரு வார்த்தை இங்கிலீஷ் என்கிட்ட பேசினது கிடையாது. கேட்டா வெக்கப்படறார்.

பதில் போடு. நேரா போடு.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. கடிதம் கிடைச்ச நிமிஷம் பரண்ல இருக்கற பெட்டியை எடுத்து வேற இடத்துல வை. யார் வீட்டுலயாவது குடு.

நான் கிழிக்கலை. "சேவ் ஃபார் எ ரெய்னி டே"ன்னு ஒண்ணு இருந்துச்சு. மழைக்காலத்துக்குன்னு, அதாவது கஷ்டம் வந்தா உதவும்னு காசு சேர்க்கறது. அதுக்கு நான் எழுதின ஏழு வாக்கியத்தையும் முதலாளி திருப்பி வீசிட்டார். எட்டாவதா உன்னோடதைக் குடுத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்துல இப்படி அச்சாகியிருக்கு: "மழைக்காலத்துக்குன்னு சேர்த்ததை நான் பரண்ல பல் அச்சுக்குள்ள வெச்சிருக்கேன், என் வீட்டுக்காரர் பாம்பைக்கூடத் தொடுவார், அடுத்தவன் பல்லைத் தொட மாட்டார்." பேர் இல்லையே, உலகத்துல யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சேன். வாக்கியம் நல்லா இருந்துச்சுக்கா. அதுதான் என் கண்ணை மறைச்சுடுச்சு.

இன்னிக்குக் காலையில கட்டு கட்டி அனுப்பின பட்டியலைப் பார்த்தேன். முந்நூறு பிரதி எடுத்தது உங்க ஊர் வகுப்பு. சைக்கிள் கடை மாடி. அத்தான் போறது அங்கேதானே?

உடனே போன் பண்ணினேன். அத்தான் எடுத்தார். "சும்மாதான் அத்தான், சௌக்கியமான்னு கேக்கத்தான்"னு வெச்சுட்டேன்.

கமா


ஏப்ரல் 9

கமா,

உன் கடிதம் நேத்து மத்தியானம் வந்துச்சு. அதுக்கு முந்தின நாளே எல்லாம் முடிஞ்சு போச்சு.

வகுப்பு மாஸ்டர் புதுப் புத்தகத்தைக் குடுத்து ஒவ்வொருத்தரையா எழுப்பிப் படிக்கச் சொல்லியிருக்கார். நாற்பத்தொன்றாம் பக்கம் உன் அத்தானுக்கு. இங்கிலீஷ் வரியை எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்கார், ஒண்ணும் புரியாம. "இப்ப தமிழைப் படிங்க"ன்னதும் பல் அச்சு வரைக்கும் வந்து குரல் நின்னுடுச்சாம். மீதியைப் பக்கத்து ஆள் படிக்க, வகுப்பே சிரிச்சுதாம். இதெல்லாம் அவர் சொல்லலை. கூடப் படிக்கற எதிர்வீட்டுக்காரர் அவர் சம்சாரத்துகிட்ட சொல்லி, அவ என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னா. "உன் வேலையும் பல்லுதானே"ன்னா.

வீட்டுக்கு வந்தவர் ஒரு வார்த்தை பேசலை. சாப்பிட்டார். தட்டைக் கழுவி வெச்சார். சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டார். திட்டினாலாவது பதில் சொல்லலாம். இந்தப் பேசாத கோவத்துக்கு நான் என்ன சொல்றது? புருஷனை நம்பாம மூணு வருஷம் ஒளிச்சவளா ஊர் முன்னாடி நிக்கறேன். நிக்க வெச்சது என் கூடப்பிறந்தவன்.

உன்னைப் பத்தி எழுத வார்த்தை இருக்கு, ஆனா அதையும் நீ அச்சுல போட்டுடுவே. அவர் வேலைக்குப் போனதும் பெட்டியை இறக்கப் போறேன்.

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? பெட்டியை இறக்கிட்டியா? அத்தான் பேசினாரா? என்னை எவ்வளவு வேணாலும் திட்டு, ஆனா எழுது. பிழை திருத்தறவன் செஞ்ச பிழை இது. யார் திருத்துவாங்கன்னு தெரியலை.

தம்பி


ஏப்ரல் 28

அக்கா,

பதில் இல்லை. போன் பண்ணினா மணி அடிச்சு அடிச்சு நிக்குது. முதலாளிகிட்ட லீவு கேட்டிருக்கேன். ஒரு கார்டாவது போடு. வெறும் கார்டா இருந்தாலும் பரவாயில்லை, உன் கையெழுத்துல விலாசம் இருந்தா போதும்.

தம்பி


மே 6

அன்புள்ள கமாவுக்கு,

உயிரோட இருக்கேன். நீ வர வேண்டாம். லீவு எடுத்துச் சம்பளத்தைப் பிடிக்க விடாதே.

அன்னிக்குப் பெட்டியை இறக்கினேன். எப்பவும் பிரிச்சுப் பார்க்க மாட்டேன். அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் பென்சில் கோடு போட்டுக் கணக்கு வெச்சிருந்தேன், இருபத்துமூணு கோடு. தாடைங்களைத் துணியில மூட்டை கட்டறப்போ ஒண்ணு கைதவறிக் கீழே விழுந்து பிளந்துச்சு. உள்ளே சுருட்டின காகிதம். எடுத்துப் பிரிச்சேன். ரூல் போட்ட தாள். பென்சில்ல, "ஐ கோ டு ஆஃபீஸ். யூ கோ டு ஆஃபீஸ். ஷீ கோ டு ஆஃபீஸ்." கடைசி வரியில மாஸ்டர் சிவப்புல சுழிச்சிருந்தார்.

ஷீ கோஸ்னு வரணும். அந்த நேரத்துலயும் என் கண்ணு அந்தத் தப்பைத்தான் முதல்ல பார்த்துச்சு. அதுக்கப்புறம்தான் அது யார் கையெழுத்துன்னு புரிஞ்சுது.

சுத்தியலை எடுத்து ஒவ்வொண்ணா உடைச்சேன். வீடெல்லாம் பிளாஸ்டர் தூள். நாலுல பணம் இருந்துச்சு. பத்தொன்பதுல வீட்டுப்பாடம். ஓரமெல்லாம் மெழுகு என்னோடதைவிட ஒழுங்கா ஒட்டியிருந்துச்சு, கமா. நான் ஒட்டினதைப் பிரிச்சுப் பார்த்தே கத்துக்கிட்டிருக்கார். ரெண்டு வருஷமா நான் பரணைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டிருந்தது வெத்துத் தாளைப் பார்த்து.

சாயங்காலம் வந்தார். தூளுக்கு நடுவுல உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழட்டாம வாசல்லயே நின்னார்.

"எப்பத் தெரியும்?"ன்னு கேட்டேன்.

"ஃபேன் துடைக்க ஏறினப்போ பரண் பெட்டியில கை பட்டு ஒண்ணு விழுந்துச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு."

"அடுத்தவன் பல்லைத் தொட மாட்டீங்களே?"

"முதல் தடவை குமட்டுச்சு. அப்புறம் பழகிடுச்சு."

"ஃபீஸ் கம்பெனி கட்டுதுன்னீங்க?"

"கட்டலை. சர்ட்டிஃபிகேட் இல்லேன்னா ஸ்டோர்ஸ்ல இருந்து மூட்டை தூக்கற லோடிங்குக்கு மாத்திடுவோம்னாங்க. மூணு நிலை, பரீட்சை ஃபீஸ், இன்டர்வியூ பயிற்சி, புத்தகம். சம்பளம் உசந்ததும் திருப்பி வெச்சுடலாம்னு பார்த்தேன்."

"நான் சும்மாவே சொல்லிக் குடுத்திருப்பேனே. இதே மேஜையில. ஒரு காசு செலவில்லாம."

செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டுச் சொன்னார்: "உன்கிட்ட கேக்கறதுக்குத்தான் வாய் வரலை. நீ முதல் மார்க் வாங்கினவ."

அன்னிக்கு அவர் சுவத்தைப் பார்த்துப் படுத்தது கோவத்துல இல்லை. மாட்டிக்கிட்டோம்னு பயம். நான் அதைக் கோவம்னு நினைச்சு, மன்னிப்பு கேக்கறதுக்கு வார்த்தை தேடிக்கிட்டிருந்தேன் பாரு, அதைத்தான் இன்னும் தாங்க முடியலை. திருடு குடுத்தவ மன்னிப்பு கேக்க இருந்தேன்.

உன் புத்தகத்தையும் என் காசுலதான் வாங்கியிருக்கார். என் காசை எடுத்து, நான் எழுதின வாக்கியத்தை விலைக்கு வாங்கி, அதை என் புருஷனே வகுப்புல படிச்சிருக்கார். இதுக்கு உங்க இங்கிலீஷ்காரன் என்ன சொல்லுவான்னு நூத்தையும் தேடிப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை.

கையில எட்டாயிரம் இருக்கு. ஜூன் பத்துக்கு இன்னும் முப்பத்தஞ்சு நாள்.

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பி நாலு தடவை படிச்சேன். முதலாளி வந்து தோளைத் தட்டி "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னார். கடிதத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டேன். அத்தானா? எனக்குக் கடை கடையா சுத்தி மழைச்சட்டை வாங்கிக் குடுத்த அத்தானா? நான்தான் குடும்பத்துல குண்டு போட்டேன்னு ஒரு மாசமா தூங்கலை. குண்டு அங்கேயே ரெண்டு வருஷமா இருந்திருக்கு, நான் திரியைக் காட்டியிருக்கேன். இதுல நான் நிம்மதிப்படணுமா அழணுமான்னு தெரியலை.

நூறு சொலவடைக்கும் சேர்த்து எனக்கு வந்த கூலி ஆறாயிரம். முழுசா இதோட அனுப்பறேன். முதலாளிகிட்ட முன்பணம் கேட்டேன். காகிதக் கடைக்காரன் அவர் கழுத்தைப் பிடிக்கறானாம். என்னால புரட்ட முடிஞ்சது இவ்வளவுதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ரெண்டாம் பதிப்பு போடப் போறார். நாற்பத்தொன்றாம் பக்கத்தை நான் எடுத்துடறேன்னு சொல்லிட்டேன். அதுக்குப் பதிலா என்ன போடட்டும்னு நீயே சொல்லு. நீ சொல்ற எழுத்துதான். கமாகூட மாத்த மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்துக்கிட்டு,
தம்பி கமா


ஜூன் 19

அன்புள்ள கமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். முழங்கையும் கொஞ்சம் தேவலை, ஏன்னா இப்ப பாலிஷ் வேலை இல்லை. நீ சுகமா? ஒரு மாசம் எழுதலைன்னு பயந்திருப்பே. எழுத ஒரு முடிவு வேணாமா, அதான்.

மெஷின் போயிடுச்சு. ஜூன் பத்தாம் தேதி அந்த ஆள் வேனோட வந்தார். லேப் அம்மா என் முகத்தைப் பார்க்காம உள்ளே போயிட்டாங்க. பாலிஷ் மெஷினைப் பழைய பேப்பர்ல சுத்தி, கயிறு கட்டிக் குடுத்தது நான்தான். வேற யார் கட்டினாலும் அடிபட்டுடும். அழுதேன். வெளியே தெருவுல நின்னு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும்னு அழுதேன்.

உன் ஆறாயிரத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன். இருபத்தேழு வாக்கியத்துக்குக் கூலி போக மிச்சம் உனக்கு அபராதம்.

உன் அத்தான் பரீட்சையில தேறலை. லோடிங்குக்கு மாத்திட்டாங்க. நவம்பர்ல இன்னொரு தடவை எழுதலாமாம். வந்து சொல்லிட்டு நின்னார். நான் ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் மேஜையைத் துடைச்சு, எதிர்ல ஒரு நாற்காலி போட்டேன். "உட்காருங்க. சைக்கிள் கடை மாடியில ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்கினாங்களோ அதே ஃபீஸ் இங்கேயும். முன்னாடியே வைக்கணும். முப்பத்தெட்டாயிரம் அடையற வரைக்கும் பாடம் நடக்கும்"ன்னேன். அவர் பஸ்ஸை விட்டுட்டு நடந்து போய் வர்றார், அந்தக் காசு மேஜைக்கு வருது. மூடி இல்லாத கண்ணாடிப் புட்டியில போடறேன், கண்ணு முன்னாடி. இனிமே என் வீட்டுல மெழுகு இல்லை.

இந்த வாரம் லோடிங்ல இருந்து மூணு பேர் கூட வந்தாங்க. அவங்களுக்கும் சர்ட்டிஃபிகேட் வேணுமாம். எதிர்வீட்டுக்காரரும் மாடி வகுப்பை விட்டுட்டு இங்கே வந்துட்டார். நாலு பேரும் முன்னாடியே ஃபீஸ் வெச்சுட்டாங்க. மேஜை பத்தலை. கதவு ஒண்ணைக் கழட்டிச் செங்கல் மேல போட்டிருக்கோம். எனக்குன்னு ஒரு மேஜை வேணும்னு கேட்டேன் இல்லையா, வந்துடுச்சு. நான் கேட்ட மேஜை இது இல்லை. அவர்கிட்டயும் அதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

மன்னிச்சுட்டியான்னு கேக்காதே. அதுக்கு இன்னும் முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கு.

பாடப்புத்தகம் உன்னோடதுதான். அதனால நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுக்காதே, ஒரு எழுத்தும் மாத்தாதே. தினமும் பாடம் அங்கேதான் ஆரம்பிக்குது. உன் அத்தான் எழுந்து நின்னு, இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் முழுசா, சத்தமா படிக்கணும். இப்ப நிறுத்தாம படிக்கறார். யாரும் சிரிக்கறதில்லை.

பருப்பை விட்டுடாதே.

உன் அக்கா

பின்குறிப்பு: இதைப் படிச்சதும் கிழிச்சுப் போடு. கிழிச்ச துண்டுங்களை உறையில போட்டு எனக்கு அனுப்பு. ஒட்டிப் பார்த்து, ஒண்ணும் குறையலைன்னாதான் நம்புவேன்.